ஹெக்ஸ், கவுண்டர் போர் விளையாட்டுகள்: முதலில் எதை எடுப்பது?

மழைக்காகம்

வணக்கம் நண்பர்களே. செஸ் ஓரளவு நன்றாக ஆடுவேன். கணினியில் பான்சர் ஜெனரல், அப்புறம் சிவிலைசேஷன் 5 என்று ஹெக்ஸ் எனப்படும் அறுகோணக் கட்டங்களோடு நிறைய பழக்கம் உண்டு. இப்போது மேசைமேல் வரைபடத்தை விரித்து, படைகளைக் குறிக்கும் அட்டைக் கவுண்டர்களை நகர்த்தி ஆடும் விளையாட்டுகளைப் பழக ஆசை. ஆனால் தேடிப் பார்த்தால் தடித்த விதிப்புத்தகங்களும் ஆயிரக்கணக்கான கவுண்டர்களும்தான் கண்ணில் படுகின்றன. எதிலிருந்து தொடங்குவது? என் ஊரில் ஆட ஆள் கிடையாது, தனியாக ஆட முடியுமா? வெளிநாட்டிலிருந்து பெட்டி வரவழைக்கும் செலவு இல்லாமல் பழக வழி இருக்கிறதா?

ஆறுமுனை

வாங்க. 'பேட்டில் ஃபார் மாஸ்கோ'வில் தொடங்குங்கள். ஃபிராங்க் சாட்விக் வடிவமைத்தது. 1986இல் ஜி.டி.டபிள்யூ நிறுவனம் புதியவர்களுக்காகவே கொண்டுவந்தது. இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விதிகள் சில பக்கம்தான், கவுண்டர்களும் ஒரு சின்னத் தாளில் அடங்கிவிடும்.

களம் 1941 அக்டோபர், மாஸ்கோவை நோக்கி ஜெர்மானியர் தொடங்கிய டைஃபூன் நடவடிக்கை. மொத்தம் ஏழு சுற்று. கடைசியில் மாஸ்கோ யார் கையில் இருக்கிறது என்பதுதான் வெற்றி தோல்வி. ஜெர்மன் கவுண்டர் ஒவ்வொன்றும் ஒரு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை), சோவியத் கவுண்டர் ஒவ்வொன்றும் ஒரு ராணுவம் (ஆர்மி என்ற படை அளவு). ஒரு ஹெக்ஸில் ஒரு கவுண்டர்தான் நிற்கலாம் என்பதால் அடுக்கிவைத்துக் குழம்பும் வேலையும் இல்லை.

இதை நான் சொல்வது சின்னது என்பதற்காக மட்டும் இல்லை. ஜெர்மன் சுற்றின் வரிசையைப் பாருங்கள். முதலில் பான்சர்கள், அதாவது டாங்கிப் படைகள் மட்டும் நகரும். அடுத்து சண்டை. அதற்கப்புறம் எல்லாப் படைகளும் நகரும். அதாவது காலாட்படை இந்தச் சுற்றில் யாரைத் தாக்கப் போகிறது என்பது போன சுற்றில் எங்கே போய் நின்றது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. பான்சரோ சண்டைக்கு முன்னும் நகரும், பின்னும் நகரும். காலாட்படை உடைத்த ஓட்டை வழியாக உள்ளே பாயும். சோவியத் பக்கம் நேர்மாறு: ரயிலில் படைகளை மாற்றிக்கொள்ளலாம், அப்புறம் சண்டை, சண்டை முடிந்துதான் நடை. எதிர்த்தாக்குதல் வேண்டுமென்றால் ஏற்கெனவே ஒட்டி நிற்கும் எதிரியைத்தான் அடிக்க முடியும். 1941இல் இரண்டு ராணுவங்களும் எப்படி இயங்கின என்ற வேறுபாட்டை அந்தச் சுற்று வரிசையே காட்டிவிடுகிறது, தனியாக ஒரு விதி எழுதவில்லை. ஒரு நல்ல போர் விளையாட்டு இப்படித்தான் பேசும். இதைப் பிடித்துக்கொண்டால் பெரிய விளையாட்டுகளையும் படிக்கும் கண் வந்துவிடும்.

மூன்றாவது, நான்காவது சுற்றுகள் சேறு. யாரானாலும் ஒரு ஹெக்ஸ்தான் நடக்கலாம். அதற்கு முன் இரண்டே சுற்றுகளில் எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்ற பதற்றம் ஜெர்மன் பக்கம் ஆடும்போது தானாக வரும். அந்த அக்டோபரின் நெருக்கடியும் அதுதான்.

மழைக்காகம்

நன்றி அண்ணா. இறக்கிப் பார்த்தேன். 'ஸோன் ஆஃப் கன்ட்ரோல்', 'ஆட்ஸ்' என்று வரும் இடங்களில் நிற்கிறேன். செஸ்ஸில் காயை வெட்டினால் போய்விடும். இங்கே பகடையும் ஒரு அட்டவணையும் இருக்கின்றன. எல்லாம் அதிர்ஷ்டம்தானா?

ஆறுமுனை

இல்லை. இந்த இரண்டும்தான் மொத்த வகைக்கும் உயிர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸோன் ஆஃப் கன்ட்ரோல், சுருக்கமாக ஸாக். ஒரு கவுண்டரைச் சுற்றியுள்ள ஆறு ஹெக்ஸ்களும் அதன் கட்டுப்பாட்டில். எதிரிப்படை அதில் நுழைந்ததும் நிற்க வேண்டும். இதனால் என்ன ஆகிறது? தோளோடு தோள் நின்று சுவர் கட்ட வேண்டியதில்லை. இரண்டு கவுண்டர்களுக்கு நடுவே இரண்டு ஹெக்ஸ்கள் காலியாக இருந்தாலும், காலியான ஒவ்வொன்றும் யாராவது ஒருவரை ஒட்டித்தான் இருக்கும். எதிரி அங்கே வந்தால் நின்றாக வேண்டும். குறைந்த படையோடு நீண்ட கோடு ஒன்றைக் காக்கும் வழி இது. சோவியத் பக்கம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதைத்தான். ஆனால் நடுவில் ஒரு கவுண்டர் அழிந்தால் கோட்டில் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டையில்தான் பான்சர் இரண்டாவது நடையை நடக்கும்.

இன்னொன்று, பின்வாங்குதல். தோற்ற படை பின்வாங்க வேண்டிய எல்லா வழியிலும் எதிரியின் ஸாக் இருந்தால் அது அழிகிறது. ஆகவே நேருக்கு நேர் ஓங்கி அடிப்பதைவிட, ஒரு பான்சரைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சுமாராக அடிப்பது மேல். வியாஸ்மாவில் 1941 அக்டோபரில் சோவியத் ராணுவங்கள் சுற்றி வளைக்கப்பட்டதை வரைபடத்தில் ஒருமுறை நீங்களே செய்து பார்த்தால், வளைப்பு ஏன் அவ்வளவு பயங்கரமானது என்று புரியும்.

அடுத்து ஆட்ஸ், அதாவது விகிதம். தாக்குபவரின் மொத்தப் பலத்தைக் காப்பவரின் பலத்தால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட வேண்டும். 23 புள்ளி பலத்தோடு 8ஐத் தாக்கினால் அது 2-1 தான். 24 என்றால் 3-1. ஒரே ஒரு புள்ளி, ஆனால் சண்டையின் முடிவைச் சொல்லும் அட்டவணையில் ஒரு செங்குத்துப் பத்தியே மாறுகிறது. வலப்பக்கம் போகப் போகத் தாக்குபவருக்கு நல்லது. எந்தப் படையை எந்த ஹெக்ஸிலிருந்து சேர்த்தால் அந்தப் புள்ளி கிடைக்கும் என்று யோசிப்பதில்தான் உங்கள் திறமை. பகடை அந்தப் பத்திக்குள் மட்டுமே விளையாடும். எந்தப் பத்தி என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். பல இடங்களில் ஒரே சுற்றில் தாக்குவதால், ஒரு பகடை கெட்டாலும் திட்டம் நிற்கும்படி அமைக்கலாம். அப்படி அமைக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஜெயிக்கிறார்.

நடுச்சாமம்

ஆறுமுனை சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முதல் விளையாட்டாக மாஸ்கோவைத் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருதரப்புக்கும் வேறு வேறு சுற்று வரிசை என்பது புதியவரைக் குழப்பும். 'நெப்போலியன் அட் வாட்டர்லூ'வைப் பாருங்கள். எஸ்.பி.ஐ. நிறுவனம் 1971இல் புதியவர்களை இழுப்பதற்காக இலவசமாகவே கொடுத்தது. நட, சண்டை போடு, அவ்வளவுதான் வரிசை. இருவருக்கும் ஒரே மாதிரி.

அதில் ஸாக் இன்னும் கடுமை. எதிரியை ஒட்டினால் சண்டை கட்டாயம், சும்மா விலகி நடக்கவும் முடியாது. இந்த ஒரு விதியால் ஓர் அழகான சிக்கல் பிறக்கிறது. நீங்கள் ஒரு பிரிட்டிஷ் கவுண்டரை 3-1இல் அடிக்கப் படைகளைச் சேர்த்தால், அந்தப் படைகள் பக்கத்து எதிரியையும் ஒட்டி நிற்கும். அவனையும் யாராவது தாக்கியே தீர வேண்டும். அதற்கு ஒரு பலவீனமான படையை மோசமான விகிதத்தில் அனுப்புகிறோம், அது அடிபடும் என்று தெரிந்தே. எதை இழந்து எதைப் பெறுவது என்ற கணக்கு ஒவ்வொரு தாக்குதலிலும் வரும். நேரம் போகப்போகப் பிரஷ்யர்கள் கிழக்கிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். பிரெஞ்சுப் பக்கம் ஆடுபவர் கடிகாரத்தோடும் சண்டை போடுகிறார். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும்.

ஆறுமுனை

வாட்டர்லூ அருமையான விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டாயச் சண்டை பழைய விளையாட்டுகளின் பழக்கம். இன்று வரும் பெரும்பாலானவற்றில் தாக்குவது உங்கள் விருப்பம். மழைக்காகம் அடுத்து எடுக்கப் போவது அந்த மாதிரி ஒன்றைத்தான். சேதம் என்றதும் கவுண்டரைத் திருப்பிப் பாதிப் பலத்தில் வைப்பது, பிறகு நிரப்புபடை கொடுத்து மீட்பது, ரயில் நகர்வு எல்லாம் மாஸ்கோவிலேயே சிறிய அளவில் வந்துவிடுகின்றன. அதனால் என் வாக்கு மாஸ்கோவுக்கே.

தாமிரபரணி

எதை எடுத்தாலும் முதலில் அதை உருவாக்க வேண்டுமே. வீட்டிலேயே செய்வது பற்றி நான் சொல்கிறேன்.

அச்சிடும்போது அளவை 100 சதவீதம் என்று வையுங்கள். 'தாளுக்குப் பொருத்து' என்பது தேர்வாகியே இருந்தால் ஏ4 தாளில் கொஞ்சம் சுருங்கி, கவுண்டரும் ஹெக்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பல கோப்புகள் அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்தவை, அதையும் கவனியுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுப்பதானால் இதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கவுண்டர்களுக்கு இருபக்க அச்சை நம்பாதீர்கள், முன்னும் பின்னும் நேராக விழாது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டு, நடுவில் மடித்து, உள்ளே அட்டையை வைத்து ஒட்டினால் சரியாக இருக்கும். தண்ணீர்ப்பசை ஈரத்தை இழுத்து அட்டையை வளைக்கும். க்ளூ ஸ்டிக் போதும். ஒட்டியபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, இரும்பு ஸ்கேலும் புதிய பிளேடு போட்ட கட்டரும் கொண்டு மெதுவாக, பலமுறை கோடு இழுத்து வெட்டுங்கள். ஒரே இழுப்பில் அழுத்தினால் ஓரம் பிசிறடிக்கும். மூலைகளை நகவெட்டியால் லேசாக வெட்டிவிட்டால் கவுண்டர்கள் ஒன்றோடொன்று சிக்காது. பெட்டியில் வாங்கும் விளையாட்டுகளிலும் பலர் இதற்கென்றே விற்கும் கத்தரிப்பானை வைத்து மூலைகளை வட்டமாக்குகிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு எதிரி சீலிங் ஃபேன். வரைபடத்தின் மேல் தெளிவான அக்ரிலிக் தகடு போட்டால் வரைபடம் சுருளாது, வியர்வைக் கை படாது. ஆனால் கவுண்டர் அதன்மேல் இன்னும் எளிதாகப் பறக்கும். மேசை மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சீலிங் ஃபேனை அணைத்துவிடுவதுதான் வழி. ஒரு ட்வீசரும் வாங்கி வையுங்கள். நெருக்கமான இடத்தில் விரலால் ஒரு கவுண்டரை எடுக்கப் போனால் நான்கு கலையும்.

பெட்டி வேண்டாம், அட்டை வெட்டவும் பொறுமை இல்லை என்றால் வாஸல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஏராளமான விளையாட்டுகளுக்கு அதில் தொகுதி உண்டு. அது விதிகளைக் கண்காணிக்காது. வரைபடம், கவுண்டர், பகடை மட்டும் தரும். நேரலையிலும் ஆடலாம், ஒவ்வொரு நகர்வையும் கோப்பாகச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பியும் ஆடலாம்.

மழைக்காகம்

மிக்க நன்றி. வெட்டி முடித்துவிட்டேன், நன்றாகவே வந்திருக்கிறது. கவுண்டர் குறிகளில் ஒரு சந்தேகம். பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால் காலாட்படை, நீள்வட்டம் என்றால் டாங்கி என்று ஊகித்தேன். மேலே உள்ள எக்ஸ் வரிசை என்ன?

நடுச்சாமம்

சரியாகவே ஊகித்தீர்கள். பெருக்கல் குறியைப் பழைய காலாட்படை வீரன் மார்பில் குறுக்காக அணிந்த வார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், நீள்வட்டத்தை டாங்கியின் சங்கிலிச் சக்கரம் என்று. ஒரே ஒரு சாய்ந்த கோடு என்றால் குதிரைப்படை. மேலே ஒரு எக்ஸ் பிரிகேட், இரண்டு டிவிஷன், மூன்று கோர், நான்கு ராணுவம். இதைத் தெரிந்துகொண்டால் எந்த நாட்டின், எந்த நிறுவனத்தின் விளையாட்டையும் எடுத்தவுடன் படிக்கலாம்.

தனியாக ஆடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. இந்த வகையில் தனியாக இரு பக்கமும் ஆடுபவர்கள் எக்கச்சக்கம், அதில் குறையொன்றும் இல்லை. ஒரு பக்கத்தின் சுற்று வந்ததும் அந்தத் தளபதியின் நாற்காலியில் முழுமையாக உட்காருங்கள், போன சுற்றில் எதிர்ப்பக்கமாக என்ன நினைத்தீர்கள் என்பதை விட்டுவிடுங்கள். இரண்டு நல்ல வழிகள் சமமாகத் தெரிந்தால் பகடை போட்டு ஒன்றை எடுங்கள். ரகசியத் திட்டமோ கையில் மறைத்த சீட்டோ உள்ள விளையாட்டுகள் தனியாட்டத்துக்குச் சரிவராது. மாறாக, எந்தப் படைப்பிரிவு அடுத்து இயங்கும் என்பதைக் கோப்பையிலிருந்து சீட்டெடுத்து முடிவு செய்யும் 'எ விக்டரி லாஸ்ட்' போன்றவை தனியாட்டத்துக்கு அற்புதம். அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியாது. 1976இல் வந்த 'பான்சர்குரூப்பே குடேரியன்' இன்னொரு நல்ல உதாரணம். சோவியத் டிவிஷன்களின் பலம் சண்டையில் இறங்கும்வரை அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. ஸ்மோலென்ஸ்க்கில் அவசரமாகத் திரட்டிய படைகளின் நிலை அதுதான்.

பனங்காடு

எல்லாரும் விதிகளைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் வேறொன்று கேட்க வேணும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்ப டொரொண்டோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு நண்பர் இந்த விளையாட்டுகளைச் சொல்லித் தந்தவர். வாட்டர்லூவும் அமெரிக்க உள்நாட்டுப் போரும் ஆடுகிறேன், விருப்பமாகத்தான் ஆடுகிறேன். ஆனால் என்ர வாழ்நாளில் நடந்த போர் எதையும் மேசையில் வைக்க என்னால் முடியாது. கவுண்டர் பின்வாங்கும் அந்த வெறும் ஹெக்ஸில் சனம் இருந்தது என்று எனக்குத் தெரியும். மாஸ்கோ விளையாட்டிலும் அதே கேள்விதான். ஜெர்மன் ராணுவம் போன வழியில் ஊர்களுக்கும் யூதருக்கும் நடந்தது ஒன்றும் அந்த வரைபடத்தில் இல்லை. சில விளையாட்டுகளில் நாஜிகளின் எஸ்.எஸ். படைகளைக் கறுப்பில் அச்சிட்டு, மற்றவர்களைவிட அழகாக்கிக் காட்டுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆறுமுனை

பனங்காடு, கேட்டதற்கு நன்றி. கறுப்புக் கவுண்டர் விஷயத்தில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். அந்த நிறத்துக்கு விளையாட்டில் எந்தத் தேவையும் இல்லை. தனி அடையாளம் வேண்டுமானால் ஒரு சின்னக் கோடு போதும். நான் அப்படி அச்சிட்டவற்றை வாங்குவதில்லை.

மற்றபடி, நான் ஏன் ஆடுகிறேன் என்று சொல்கிறேன். டிசம்பர் 1941இல் மாஸ்கோ ஏன் விழவில்லை என்பதைப் பனியின் தலையில் கட்டிவிடும் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன் நான். சோவியத் பக்கம் ஆடும்போதுதான் நிரப்புபடைகள் சுற்றுக்குச் சுற்று வந்து சேர்வதும், ஒவ்வொரு நகரத்துக்காகவும் நேரம் வாங்குவதும், தெற்கே தூலா போன்ற ஒரு முனை தாக்குப்பிடித்தால் மொத்தத் திட்டமும் தடுமாறுவதும் புரிந்தது. டிசம்பர் 5இல் தொடங்கிய எதிர்த்தாக்குதல் வானத்திலிருந்து குதித்ததில்லை. அந்தப் புரிதல் அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை என்றே நினைக்கிறேன். ஆனால் விளையாட்டு சொல்லாததைப் புத்தகத்தில் படித்தாக வேண்டும் என்பதும் என் கட்சி. வரைபடத்தை மட்டும் பார்த்து வரலாறு தெரியும் என்று சொல்பவரோடு எனக்குச் சண்டைதான்.

நடுச்சாமம்

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். புரிதலுக்காகத்தான் ஆடுகிறோம் என்பது பாதி உண்மை. புதிர் பிடித்திருப்பதால்தான் ஆடுகிறோம். பிடித்திருப்பதில் தவறில்லை, ஆனால் எந்தப் போரில் அந்தப் புதிரைத் தேடுகிறோம் என்பதற்கு எல்லை வேண்டும். இழந்தவர்கள் நம்மோடு உயிரோடு இருக்கும்போது, அவர்கள் இருக்கும் அறையில், அந்தப் போரை விரிக்கக் கூடாது. பனங்காட்டின் எல்லையை நான் அப்படியே ஏற்கிறேன்.

பனங்காடு

நன்றி. இரண்டு பேரும் சொன்னதை யோசிக்கிறேன். மாஸ்கோவை சோவியத் பக்கத்திலிருந்து ஒருக்கா ஆடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஜெர்மன் பக்கம் இருக்க மாட்டேன்.

மழைக்காகம்

இரு பக்கமும் நானே ஆடி முடித்தேன். ஜெர்மானியர் மாஸ்கோவை ஒட்டி வந்து நின்றுவிட்டார்கள். வடக்கில் நன்றாக உடைத்தேன், ஆனால் சேற்றுக்கு முன் காலாட்படை பின்னால் தங்கிவிட்டது. பான்சர்கள் மட்டும் முன்னால் போய், ஐந்தாவது சுற்றில் அடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. செஸ்ஸில் இப்படி ஓர் அனுபவம் எனக்கு வந்ததே இல்லை. இதைச் சரிசெய்வது எப்படி? அடுத்து எதை எடுக்கலாம்?

ஆறுமுனை

இரண்டாம் சுற்றின் கடைசி நடையில் பான்சரை முன்னால் ஓட்டும் ஆசையை அடக்கி, காலாட்படைக்கு வழியை விட்டு ஒதுக்கி நிறுத்துங்கள். சேற்றில் ஒரு ஹெக்ஸ்தான் நடை என்றாலும் இரண்டு சுற்றில் இரண்டு ஹெக்ஸ். காலாட்படை அதற்குள் ஒட்டிவிட்டால் ஐந்தாம் சுற்றில் முழுப் பலத்தோடு அடிக்கலாம். பான்சர் தனியாக 2-1இல் அடிப்பதைவிட, காலாட்படையோடு சேர்ந்து அடிப்பது எவ்வளவு மேல் என்று அட்டவணையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்ததை இப்போதே எடுக்க வேண்டாம். முதலில் சோவியத் பக்கத்தை ஓர் உண்மையான ஆளிடம் கொடுத்து ஆடுங்கள். அதற்கப்புறம் மார்க் சிமோனிச் வடிவமைத்த 'ஹாலந்து '44' போன்றதற்குப் போகலாம். அதில் ஒரு ஹெக்ஸ் இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு படைகளுக்கு நடுவே எதிரி கடக்கவே முடியாது. மாஸ்கோவில் பழகிய கோடு போடும் வித்தை அங்கே இன்னொரு படி மேலே போகும். விதிப்புத்தகம் பெரிதாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அதை அகராதி போல வைத்துக்கொள்ளுங்கள். சுற்று வரிசைப் பக்கத்தை மட்டும் படித்து, கவுண்டர்களை அடுக்கி, ஒரு சுற்று நகர்த்திப் பார்த்து, எங்கே நிற்கிறீர்களோ அந்த எண்ணுள்ள விதியைப் புரட்டுங்கள். விதிகளுக்கு 6.2, 6.21 என்று எண் போடுவதே அதற்காகத்தான்.

'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா' பற்றி யாராவது சொல்லி உங்களை மிரட்டக்கூடும். 1979இல் வந்தது, இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர்க் கணக்கு வைக்கச் சொல்லும் விளையாட்டு. அது ஒரு தனி உலகம். அதை வைத்து இந்த வகையை எடை போட வேண்டாம்.

பனங்காடு

மழைக்காகம், சோவியத் பக்கம் நான் ஆடுகிறேன். வாஸலில் வைப்போமா? இங்க சனிக்கிழமை காலை என்றால் அங்க இரவாகும். நேரம் ஒத்துவராவிட்டால் மின்னஞ்சலில் கோப்பாக அனுப்பலாம், எனக்கு அவசரமில்லை.

மழைக்காகம்

மின்னஞ்சலே வசதி அண்ணா. இன்று இரவு ஜெர்மன் முதல் சுற்றை முடித்து அனுப்புகிறேன். ஒவ்வொரு தாக்குதலின் விகிதத்தையும் கோப்பிலேயே எழுதிவிடுகிறேன். கணக்கு தப்பாக இருந்தால் ஆறுமுனை அண்ணா பார்த்துச் சொல்லட்டும்.